கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட் விரிசல் விட்டால் எந்தப் பசை ஒட்டும்?

கேள்வி: உடுமலைப்பேட்டையில் பேக்கரி வைத்திருக்கிறோம். ஷோகேஸின் முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் 4 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட். ஒரு மூலை பிரிந்துவிட்டது. ஸ்குரூ ஓட்டையிலிருந்து ஒரு விரிசலும் கிளம்பி ஒரு சாண் ஓடியிருக்கிறது. ஃபெவிக்விக் விட்டுப் பார்த்தோம். சுற்றிலும் வெள்ளையாகப் படிந்ததுதான் மிச்சம், கொஞ்ச நாளில் மறுபடி விட்டுவிட்டது. கடைக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் போட்ட கூரை ஷீட்டும் ஸ்குரூ அடித்த இடமெல்லாம் வெடித்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பசை போதுமா? எது வாங்கலாம்?

பதில்:

ஒரே பசை போதாதுங்க. ஷோகேஸில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக். கூரையில் இருப்பது பெரும்பாலும் பாலிகார்பனேட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றை ஒட்டுகிற பொருள் இன்னொன்றை வெடிக்க வைக்கும். அதனால் கடைக்குப் போய் ‘பிளாஸ்டிக் ஒட்டுற கம் கொடுங்க’ என்று கேட்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். ஷீட் எந்த ரகம் என்பது ஒன்று, அது ஏன் விட்டது என்பது இன்னொன்று. இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. ஒட்டின இடம் திரும்பத் திரும்ப விடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

முதலில் ரகம். ஷீட்டில் ஒட்டியிருந்த பாதுகாப்பு ஃபிலிம் மூலையில் எங்காவது மிச்சம் இருந்தால் பாருங்கள். பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்றிருந்தால் அக்ரிலிக். லெக்ஸான், மாக்ரோலான் என்றிருந்தால் பாலிகார்பனேட். ஃபிலிம் இல்லையென்றால் யாருக்கும் தெரியாத ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, கட்டிங் பிளேயரில் பிடித்து வளையுங்கள். அக்ரிலிக் கொஞ்சம் வளைந்து பட்டென்று முறியும். பாலிகார்பனேட் தகரம் மாதிரி மடங்கும், முறியாது. வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடத் தெளிவானது இல்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் நகம் அளவு துண்டை இடுக்கியில் பிடித்து, வெட்டவெளியில் தீக்குச்சியில் காட்டுங்கள். அக்ரிலிக் சுலபமாகப் பற்றி, புகை அதிகமில்லாமல் சடசடவென எரியும். பழம் போன்ற ஒரு வாசம் வரும். தீயை எடுத்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். பாலிகார்பனேட் பற்றவே அடம்பிடிக்கும், கருகும், தீயை எடுத்தால் தானாக அணைந்துவிடும். பாலிஸ்டைரீன் கரும்புகையும் கரித்தூளுமாக எரியும். ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கும் தெளிவான டிரே பெரும்பாலும் இந்த ரகம்தான். பி.வி.சி. என்றால் சுடர் ஓரத்தில் பச்சை தட்டும், மூக்கை அறுக்கிற நெடி அடிக்கும். அந்த நெடி ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை. முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனையும் உண்டு. சாதாரணத் தண்ணீரில் மிதந்தால் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இந்த இரண்டையும் வீட்டில் கிடைக்கிற எந்தப் பசையும் பிடிக்காது. அதற்கென்றே உள்ள பிரைமரோ (பசைக்கு முன் பூசும் அடிப்பூச்சு), இரண்டு பொருளைக் கலந்து போடும் தனி இரட்டைப் பசையோ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து அதில் போட்டால் பாலிஸ்டைரீன் மிதக்கும். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் மூழ்கும். அந்த இரண்டின் அடர்த்தியும் 1.19, 1.20 என்று ஒட்டியே இருப்பதால் தண்ணீரை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. அதற்கு வளைத்துப் பார்ப்பதுதான் வழி.

பழைய தறிக்கூடங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் வெளிச்சத்துக்காகத் தகரத்துக்கு நடுவே போட்ட மங்கலான ஷீட் வேறு சாதி. வெயிலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே நார் தெரியும். அது ஃபைபர் ஷீட். அதன் வைத்தியம் தனி, கடைசியில் சொல்கிறேன்.

இனி ஏன் விட்டது என்பது. ஒரு மீட்டர் அக்ரிலிக் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.7 மி.மீ. நீளும். அதே ஒரு மீட்டர் இரும்பு 0.12 மி.மீ. மட்டுமே நீளும். ஷோகேஸுக்குள் சூடு காட்டும் பல்பு எரிகிறது, இரவில் அணைகிறது. ஷீட் தினமும் நீண்டு சுருங்குகிறது, இரும்புச் சட்டம் அசையவில்லை. ஸ்குரூவுக்குச் சரியாக ஓட்டை போட்டு இறுக்கி முடுக்கியிருந்தால் அந்த இழுப்பு முழுவதும் ஓட்டையின் விளிம்பில் போய் நிற்கும். அங்கே டிரில் பிட் விட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருக்கும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இன்னொரு காரணம் துடைக்கிற மருந்து. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எல்லாமே இழுப்பில் இருக்கும் அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் முடி முடியாக வெடிப்பை உண்டாக்கும். தினமும் ஷோகேஸைப் பளபளப்பாக வைக்க வேண்டும் என்று பையன் நீலநிற ஸ்பிரேயை அடித்துத் துடைப்பான். ஷீட் அதிலேயே பாதி போய்விடும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும்.

லேசரில் வெட்டி வாங்கிய ஷீட் என்றால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. லேசர் வெட்டும்போது ஓரம் உருகி உறைகிறது. அந்த ஓரத்தில் உள்இழுப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அதன்மேல் கரைப்பான், அதாவது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைக்கும் திரவம், பட்டால் சில நிமிடத்திலேயே மயிரிழை வெடிப்புகள் வரும். தீயில் காட்டிப் பளபளப்பாக்கிய ஓரமும் அப்படித்தான். ஓவன் வசதி இருந்தால் 80 டிகிரியில் பதப்படுத்திவிட்டு ஒட்டலாம். தடிமனை மி.மீ.யில் எடுத்து மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வரும்; ஆனால் எவ்வளவு மெல்லிய ஷீட்டுக்கும் குறைந்தது 2 மணி நேரம். பிறகு ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் மெதுவாக ஆறவிட வேண்டும். ஓவன் இல்லையா, ஒட்டும் ஓரத்தை 220 நம்பர் உப்புத்தாளால் உருகிய மினுக்கம் போகும்வரை தேய்த்து எடுத்துவிடுங்கள். பாதி ஆபத்து தீரும்.

ஃபெவிக்விக் ஏன் வெள்ளையடித்தது என்றால், அது சயனோஅக்ரிலேட். காற்றில் உள்ள ஈரத்தில் இறுகுகிறது. அதிகம் விட்டால் உள்ளே இறுகுவதற்குள் ஆவி மேலே வந்து பக்கத்திலேயே தூளாகப் படிகிறது. இறுகிய பசை வளையாது. ஷீட் நீண்டு சுருங்கினால் உடைகிறது. படிந்த வெள்ளையை அசிட்டோனால் துடைக்காதீர்கள், ஷீட்டே மங்கிவிடும். 1200, பிறகு 2000 நம்பர் தண்ணீர்த்தாளால் ஈரமாகத் தேய்த்து, அக்ரிலிக் பாலிஷோ வெள்ளை டூத்பேஸ்ட்டோ போட்டுப் பருத்தித்துணியால் மெருகேற்றுங்கள். மூட்டுக்குள் இறுகிக் கிடக்கும் பழைய ஃபெவிக்விக்கையும் பிளேடால் சுரண்டி முழுவதும் எடுத்தாக வேண்டும். அதன்மேல் வேறு எது விட்டாலும் பிடிக்காது.

அரால்டைட் போன்ற எபாக்ஸி? அக்ரிலிக் மேல் ஒட்டினது மாதிரி இருக்கும், ஆனால் நெம்பினால் தோலாக உரிந்து வரும். வெயில் பட்டால் மஞ்சளடிக்கும். பின்பக்கம் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு கிளிப்பை நிறுத்த ஆகும், முகப்புக்கு ஆகாது. ஃபெவிகால் மரத்துக்கும் காகிதத்துக்கும் உள்ளது. ஒரு பக்கமாவது ஈரத்தை உறிஞ்ச வேண்டும். பிளாஸ்டிக்குக்கு நடுவே போட்டால் காயவே காயாது.

அக்ரிலிக்குக்குச் சரியானது கரைப்பான். மெத்திலீன் குளோரைடு நல்லது. லேபிளில் டைகுளோரோமீத்தேன் என்றும் இருக்கும். போர்டு வேலை செய்கிறவர்கள் குளோரோஃபார்ம் வைத்திருப்பார்கள், அதுவும் ஒட்டும். இது பசையே இல்லை. இரண்டு முகத்தையும் இளக்கிவிட, இரண்டு பக்கத்து பிளாஸ்டிக்கும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கிறது. கரைப்பான் ஆவியாகப் போன பிறகு அங்கே மிஞ்சுவது அக்ரிலிக் மட்டும். அதனால்தான் நன்றாக ஒட்டிய மூட்டு தெரிவதே இல்லை.

ஆனால் தண்ணீர் மாதிரி இருக்கும் கரைப்பான் இடைவெளியை நிரப்பாது. பிரிந்த மூலையை வெறுமனே சேர்த்துப் பிடித்து, ஏ4 தாள் ஒன்றை நுழைத்துப் பாருங்கள். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அது நுழைந்தால் ஓரத்தைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். நுழையவில்லையென்றால் வேலை சுலபம்.

பழைய பிசிறைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு மணி நேரமாவது உலர விடுங்கள். இரண்டு பலகையையும் மட்டத்தில் நிறுத்தி, மாஸ்கிங் டேப்பால் கட்டுங்கள். டேப் மூட்டின் மேலேயே போகக் கூடாது; கரைப்பான் டேப்புக்கு அடியில் ஊறிப்போய் ஷீட்டின் முகத்தில் தழும்பு விட்டுவிடும். மூட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி ஒட்டுங்கள். மூட்டைப் படுக்கைவசமாக வைத்து, மெல்லிய ஊசியுள்ள பாலிஎத்திலீன் குப்பியால் உள்பக்கக் கோணத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் ஓட்டுங்கள். கரைப்பானை மூட்டு தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மூட்டு முழுவதும் ஈரமான நிறத்துக்கு மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு மீட்டர் மூட்டுக்கு மூன்று நான்கு மில்லி போதும். மெடிக்கலில் வாங்கிய ஊசிக்குழலையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பிஸ்டன் ரப்பர் சில நிமிடத்தில் ஊதிப்போய் நடுவழியில் சிக்கும், பிறகு அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், வேலை முடிந்ததும் எறியுங்கள்.

மூட்டு இன்னும் பலமாக வேண்டுமென்றால் தொழில்காரர்கள் செய்யும் ஒரு வித்தை உண்டு. இரண்டு பலகைக்கும் இடையில் கால் மி.மீ. தடிமனுள்ள மெல்லிய கம்பிகளை ஒரு சாணுக்கு ஒன்றாக வைத்து, அந்தச் சிறு இடைவெளியில் கரைப்பானை ஓடவிட்டு, அரை நிமிடம் பொறுத்து, கம்பிகளை உருவிவிடுவார்கள். இளகிய இரண்டு முகமும் பலகையின் சொந்த எடையிலேயே அமர்ந்து குமிழியில்லாமல் ஒட்டும். கையால் இறுக்கி அழுத்தாதீர்கள். இளகிய பிளாஸ்டிக் பிதுங்கி வெளியே வந்து, உள்ளே வறண்ட திட்டுகள் நிற்கும்.

ஐந்து பத்து நிமிடத்தில் கையை எடுக்கலாம். அதற்காக அன்றைக்கே ஸ்குரூ முடுக்கிவிடக் கூடாது. ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்; முழு பலம் வர ஒரு வாரமாவது ஆகும். உணவுக்கடை என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: பஃப்ஸ், பன், கேக் எல்லாம் வாசத்தை உறிஞ்சும். இரண்டு நாள் கதவைத் திறந்தே வைத்து, நெடி சுத்தமாகப் போன பிறகு, உள்ளே துடைத்துவிட்டுப் பண்டத்தை அடுக்குங்கள்.

நம் ஊர்ப் பக்கம் பருவமும் முக்கியம். கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அங்கே பனி மாதிரித் தண்ணீர் படிந்து மூட்டு பால் வெள்ளையாகிவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வீசும்போது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் காலை நேரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, பதினோரு மணிக்கு மேல், மூடிய அறையில் வைத்துச் செய்யலாமா என்றால் அதுவும் கூடாது. அதற்குக் காரணம் கீழே வருகிறது. ஈரமில்லாத நாளாகப் பார்த்து, காற்றோட்டமுள்ள நிழலில் செய்யுங்கள்.

விரிசலுக்கு வருவோம். இது மூலையைவிடச் சிக்கலானது. இழுப்பில் இருக்கும் விரிசலுக்குள் கரைப்பானை விட்டால் விரிசல் இன்னும் ஓடும். கண்ணெதிரிலேயே ஓடும். அதனால் முதலில் எல்லா ஸ்குரூவையும் கழற்றி ஷீட்டை மேசைமேல் படுக்க வையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து விரிசலின் உண்மையான நுனியைத் தேடுங்கள். மேலோட்டமாகத் தெரிவதைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் அது இருக்கும். அந்த நுனி ஓட்டைக்குள் விழும்படி 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். கீழே மரக்கட்டை வைத்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல். இரும்பைத் துளைக்கும் புது டிரில் பிட் பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்துப் பிளந்துவிடும். பிட்டின் வெட்டும் முனையை எண்ணெய்க்கல்லில் லேசாக மழுங்கத் தேய்த்துவிட்டால் சுரண்டிக்கொண்டு போகும். கூர்மையான நுனி வட்டமாகிவிட்டால் இழுப்பு ஓரிடத்தில் குவியாது, விரிசல் அங்கேயே நிற்கும்.

பிறகு விரிசலை நிரப்ப இரண்டு வழி. பலம் மட்டும் போதும் என்றால் உள்பக்கம் 3 மி.மீ. அக்ரிலிக் பட்டை ஒன்றை 4 செ.மீ. அகலத்தில், விரிசலைவிட இரண்டு பக்கமும் 3 செ.மீ. நீளமாக வெட்டி, கரைப்பானால் முகத்தோடு முகமாக ஒட்டிவிடுங்கள். பட்டையின் நடுவில் குமிழி நிற்கத்தான் செய்யும். பேக்கரியில் அந்த இடத்தில் விலைப்பட்டியல் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். தப்பில்லை.

முகப்பு தெளிவாகவே வேண்டும் என்றால் இரட்டைக் கலவை அக்ரிலிக் பசை வேண்டும். வெல்ட்-ஆன் 40, அக்ரிஃபிக்ஸ் என்று பெரிய ஷீட் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். இது உள்ளேயே இறுகி அக்ரிலிக்காக மாறுவதால் இடைவெளியை நிரப்பும். ஒளி உள்ளே வளையும் அளவு அக்ரிலிக்கில் 1.49. இந்தப் பசையும் அதையொட்டியே இருப்பதால்தான் கோடு மறைகிறது. எபாக்ஸியில் அந்த எண் கூடுதல். அதனால் அது எவ்வளவு தெளிவாக இறுகினாலும் கோடு காட்டிக்கொடுக்கும். விரிசலை மேல்பக்கமிருந்து அரத்தால் ஆங்கில ‘வி’ வடிவத்தில் 60 முதல் 90 டிகிரி வரை திறந்து, அடியில் செலோடேப் ஒட்டி, பசையை ஒரு பக்கமிருந்து மெதுவாக ஊற்றி, மேலே கொஞ்சம் மேடாக விடுங்கள், இறுகும்போது சுருங்கும். கலவை விகிதம் டப்பாவில் இருப்பதுதான். கண்ணளவில் ஊற்றாமல் நகைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். ஒரே கப்பில் நிறையக் கலந்தால் சூடேறிக் கொதித்து நுரைத்துவிடும்; 20 கிராமுக்கு மேல் ஒருமுறை கலக்க வேண்டாம். கலக்கும்போது குமிழி ஏறினால் இரண்டு நிமிடம் கப்பை அசையாமல் வையுங்கள், மேலே வந்து உடைந்துவிடும். மறுநாள் மேட்டை 400, 800, 1200, 2000 என்று தேய்த்துப் பாலிஷ் போடலாம்.

இந்தப் பசைக்கு விலை அதிகம், திறந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். ஒரே ஒரு விரிசலுக்காக வாங்க மனம் வராவிட்டால் வீட்டிலேயே கெட்டிக் கரைப்பான் செய்துகொள்ளலாம். 100 மில்லி மெத்திலீன் குளோரைடில் 12 முதல் 15 கிராம் அக்ரிலிக் சீவலைப் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் மூடி இறுக்கி, ஓர் இரவு வையுங்கள். பாகு போல வரும். சீவல் எக்ஸ்ட்ரூடட் ரகமாக (உருக்கிப் பிதுக்கிச் செய்த ஷீட்) இருந்தால் விரைவில் கரையும். காஸ்ட் ரகம் (அச்சில் ஊற்றி இறுக்கிய ஷீட்) ஜெல்லியாக நின்றுவிடும். இது நிரப்பும், ஆனால் சுருங்கும். இரண்டு மூன்று தடவை விட வேண்டியிருக்கும், உள்ளே சின்னக் குமிழிகள் நிற்கலாம். இரட்டைக் கலவையின் தெளிவு இதில் வராது.

செல்போன் கடையில் வைத்திருக்கும், புற ஊதா (யு.வி.) ஒளியில் இறுகும் பசை ஆகுமா என்று சிலர் கேட்பதுண்டு. அது கண்ணாடிக்கு அருமை. நம் ஷீட்டில் சிக்கல் என்னவென்றால், வெளிவேலைக்கான அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் யு.வி.யைத் தடுக்கவே தயாரிக்கப்பட்டவை. 365 நானோமீட்டர் விளக்கை ஷீட் வழியாக அடித்தால் பசைக்குப் போய்ச் சேராது. மேலே இறுகும், உள்ளே பிசுபிசுவென்று நிற்கும். 405 நானோமீட்டரில் இறுகும் ரகம் என்று லேபிளில் இருந்தால் மட்டும் முயற்சி செய்யலாம்.

திரும்ப மாட்டும்போது ஸ்குரூ ஓட்டையை ஸ்குரூவைவிட 2 மி.மீ.யாவது பெரிதாக்குங்கள். நடுவில் ஒரு ஸ்குரூவை மட்டும் பிடிமானமாக வைத்து, மற்றவை நகர இடம் விடுங்கள். ரப்பர் வாஷர் போட்டு, இறுக்கி முடித்த பிறகு கால் சுற்று திருப்பித் தளர்த்துங்கள். ஸ்குரூ கழலாமல் இருக்கட்டும் என்று அதில் லாக்டைட் மாதிரி திரட் லாக்கர் மட்டும் விடவே கூடாது. இரும்புக்கு அது வரம். அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிக்க வைக்கும்.

இப்போது கூரை. பாலிகார்பனேட்டையும் மெத்திலீன் குளோரைடால் கரைத்து ஒட்ட முடியும் என்பது உண்மைதான். ஆனால் மிக வேகமாகப் பறப்பதால் மூட்டு வெளுக்கும், இழுப்பில் இருந்தால் வெடிக்கும், அடுத்த மழைக்கு ஒழுகும். சின்னப் பெட்டி செய்ய ஆகும், கூரைக்கு வேண்டாம். கூரை வெடித்ததற்குக் காரணம் பசையில் இல்லை, ஸ்குரூவில் இருக்கிறது. 2 மீட்டர் ஷீட் மார்கழி விடியலில் 18 டிகிரியிலும் சித்திரை வெயிலில் 60 டிகிரியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால் நீள வித்தியாசம் ஐந்தரை மி.மீ. இதற்கு ஓட்டையில் இடமே விடாமல் முடுக்கியிருப்பார்கள். அதோடு ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊர் நம்முடையது. பல்லடம், உடுமலைப் பக்கம் ஷீட் மாதக்கணக்கில் படபடத்துக்கொண்டே இருக்கும். வாஷர் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். மெத்தென்ற பி.வி.சி. வாஷரில் இருக்கும் இளக்கி எண்ணெய் பாலிகார்பனேட்டுக்குள் இறங்கி வெடிக்க வைக்கும். ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர்தான் போட வேண்டும்.

ஒழுகலை அடைக்க சிலிக்கான் போதும், ஆனால் ரகம் பார்த்து. கார்ட்ரிட்ஜ் முனையை வெட்டி முகர்ந்தால் வினிகர் நெடி அடிக்கிறதா, அது அசிட்டிக் ரகம். மலிவு, கண்ணாடிக்கு நல்லது, பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. ‘நியூட்ரல்’ என்று போட்டது வேண்டும். நியூட்ரலிலும் ஆல்காக்ஸி ரகம் கிடைத்தால் அதுதான் பத்திரம். ஆக்சைம் ரகம் இழுப்பில் இருக்கும் பாலிகார்பனேட்டை வெடிக்க வைக்கக்கூடும். வெடித்த ஓட்டையை அப்படியே நிரப்பாதீர்கள். ஓட்டையை 10 மி.மீ. அளவுக்கு வட்டமாக்கி வெடிப்பின் நுனிகளை வெட்டி எடுத்துவிட்டு, அதே ஷீட்டில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, அடியில் சுற்றிலும் சிலிக்கான் விட்டு மூடி, ஸ்குரூவை வேறு இடத்தில் புதிதாகப் போடுங்கள். துண்டு வைக்கும்போது யு.வி. பூச்சுள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் இரண்டு மூன்று வெயிலில் மஞ்சளாகிப் பொரிந்துவிடும்.

ஒரு நினைவு: சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் பிடிக்காது. பின்னால் பாலியூரித்தேன் இரட்டைப் பசையால் கெட்டியாக ஒட்டும் எண்ணம் இருந்தால் சிலிக்கானைத் தொடாதீர்கள். பாலிகார்பனேட்டில் பலமான மூட்டுக்கு அந்தப் பாலியூரித்தேன்தான் சரி. இறுகின பிறகும் கொஞ்சம் நெகிழும், அதனால் ஷீட்டின் அசைவைத் தாங்கும்.

கூரை ஷீட் உள்ளே கூடு கூடாக இருக்கும் மல்டிவால் ரகமா? ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் போடுவது அதுதான். அதன் மேல்முனையை அலுமினிய டேப்பாலும் கீழ்முனையைக் காற்றுப் போகும் துளை டேப்பாலும் மூட வேண்டும். இரண்டையும் சிலிக்கானால் அடைத்தால் உள்ளே வேர்த்து, பாசி பிடித்து, பச்சையாகிவிடும்.

ஃபைபர் ஷீட் என்றால் பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடி நார் மேட்டும்தான். விரிசலைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு 80 நம்பர் தாளால் தேய்த்து, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கோ இரண்டு அடுக்கோ வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்திக் குமிழியை எடுங்கள். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். வெயில் காலத்தில் 1 போதும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் முன்பே கலந்த ரெசினாகவே கேட்டு வாங்குங்கள். கோபால்ட்டையும் ஹார்டனரையும் தனித்தனியாகக் கொடுத்தால் அவை இரண்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

எச்சரிக்கைகளில் மெத்திலீன் குளோரைடுதான் முதலிடம். 40 டிகிரியில் கொதிக்கிற திரவம் அது. நம் சித்திரை வெயிலில் பாட்டில் மூடியைத் திறந்தாலே சீறும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். அதனால் இதய நோய் உள்ளவர்கள் இந்த வேலைக்கே வரக் கூடாது. அமெரிக்காவில் 2024இல் இதன் நுகர்வோர் பயன்பாட்டைத் தடை செய்துவிட்டார்கள். பக்கத்தில் அடுப்போ பீடியோ இருந்தால் ஆவி சுடரில் பட்டு ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பேக்கரியில் ஓவன் எரிகிற நேரத்தில் இதைத் திறக்கவே வேண்டாம். முகமூடித் துணி பயன்படாது. வாசல் திறந்து, காற்று உங்கள் முதுகிலிருந்து வேலையைக் கடந்து போகும்படி நில்லுங்கள். நீல நைட்ரைல் கையுறை வழியாக இது சில நிமிடத்தில் ஊடுருவும், பட்டால் உடனே கழற்றிவிடுங்கள். ஒரு மூலைக்கு 100 மில்லி பாட்டில் தாராளம். லிட்டர் கணக்கில் வாங்கி வைத்து ஆவியாக விட வேண்டியதில்லை.

எதை ஒட்டவே கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பட்டறைகளிலிருந்தும் வரும். சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) கதவில் இருக்கும் பாலிகார்பனேட் ஜன்னல், தெறிக்கிற ஜாப்பை, அதாவது கடையும் உலோகத் துண்டைத் தடுப்பதற்காக இருப்பது. கூலன்ட்டும் எண்ணெயும் பட்டுப்பட்டு வெளியில் தெரியாமலேயே அதன் பலம் குறைந்துகொண்டு வரும். விரிசல் தெரிந்துவிட்டால் எந்தப் பசையும் அதைப் பழைய பலத்துக்குக் கொண்டுவராது. அதே தடிமனில் புது ஷீட்தான். ஹெல்மெட் வைசருக்கும் அதேதான். பெரிய அக்ரிலிக் மீன்தொட்டியில் விரிசல் என்றாலும் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். ஒவ்வொரு 10 செ.மீ. தண்ணீர் உயரத்துக்கும் சதுர செ.மீ.க்கு 10 கிராம் அழுத்தம் அந்த விரிசலைத் திறந்துகொண்டே இருக்கும்.

உங்கள் ஷோகேஸில் விரிசல் ஒரு சாணோடு நின்றிருந்தால் ஒட்டலாம். ஷீட்டின் பாதி வரை ஓடியிருந்தாலோ, டார்ச் அடிக்கும்போது முகம் முழுவதும் மயிரிழை வெடிப்பு மின்னினாலோ பசைக்குக் கொடுக்கும் காசு வீண். புதுத் துண்டு வாங்கி, காஸ்ட் ரகமா என்று கேட்டு, ஓட்டையைப் பெரிதாகப் போடச் சொல்லி மாட்டிவிடுங்கள்.